இருபத்து நான்கில் ஒரு பங்கு அழுக்கு

லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தார்ப்பாயின் மேல் கொட்டிக் கிடந்த பழைய சாவிகள், ரேடியோ வால்வுகள், உடைந்த கைக்கடிகாரங்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி அளவு குட்டிக் கார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பான்னெட்டைப் பிளந்துகொண்டு வெளியே நீட்டியிருந்த எஞ்சின் குரோம் பூச்சில் கண்ணைக் கூசியது. கார் மொத்தமும் பெயின்ட் உதிர்ந்து, சக்கரம் கோணி, எந்தப் பிள்ளையோ கடித்த பல் தடம்கூட இருந்தது. எஞ்சின் மட்டும் அப்படியே புதுசு.

இரண்டு ரிங்கிட் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் மாடல் கார் கட்டுகிறவன். கட்டுகிறேன் என்பதைவிட அழுக்காக்குகிறேன் என்பதுதான் சரி. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிப் பெயின்ட் அடிப்பதற்கு ஒரு வாரம் போதும். அதன்மேல் துருவையும் எண்ணெய்க் கசிவையும் தூசியையும் ஏற்றுவதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் இதை வெதரிங் என்கிறார்கள், வெயிலும் மழையும் செய்கிற வேலையைத் தூரிகையால் செய்வது. "காசு குடுத்து வாங்கி, அதுல சேத்தைப் பூசுறியா?" என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் உருப்படியான பதில் கிடையாது.

இந்தக் கட்டுரை ஒரு எஞ்சினைப் பற்றியது. 1959ஆம் வருடத்து மோரிஸ் மைனர் காரின் 948 சிசி எஞ்சின். அதை நான் 1/24 அளவில் செய்தேன். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கட்டை விரலின் மேல் கணுவுக்குள் அடங்கிவிடும். அதை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

*

குரோமிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் குட்டிக் கார் ஹாட் வீல்ஸ். கலிபோர்னியாவின் மேட்டல் நிறுவனம் 1968இல் பதினாறு மாடல்களோடு அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் குட்டிக் கார் உலகம் இங்கிலாந்துக்காரர்களின் கையில் இருந்தது. 1953இல் லண்டனின் லெஸ்னி நிறுவனம் தொடங்கிய மேட்ச்பாக்ஸ். ஜாக் ஓடெல் என்கிற பொறியாளர், பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகத் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மை மட்டும்தான் அனுமதி என்று மகள் சொல்ல, ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து கொடுத்தாராம். பெயர் அப்படித்தான் வந்தது என்பார்கள். மேட்ச்பாக்ஸ் வண்டிகள் அடக்கமானவை. பால் வண்டி, டிராக்டர், டபுள் டெக்கர் பஸ். ஹாட் வீல்ஸ் அதற்கு நேர்மாறு. பளபளக்கிற நிறம், பருத்த பின்சக்கரம், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் எஞ்சின்.

1980களிலிருந்து அந்தக் கார்கள் நம்ம ஊரில் உருவாகின்றன. பினாங்குத் தீவில் இல்லை, கடலைத் தாண்டி, பிறை தொழிற்பேட்டையில். துத்தநாகக் கலவையை 400 டிகிரிக்கு அருகில் உருக்கி அச்சில் செலுத்தி, பெயின்ட் அடித்து, கோடும் எண்ணும் அச்சடித்து, அட்டையில் வைத்து அடைத்து உலகத்துக்கு அனுப்புகிறார்கள். உலகமெங்கும் இதைச் சேகரிப்பவர்கள் காரைக் கவிழ்த்து 'மலேசியா' இருக்கிறதா என்று பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிற்பேட்டைகள் சும்மா வரவில்லை. 1969இல் பினாங்கு அதன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த லிம் சோங் இயூ தொழிற்சாலைகளை அழைத்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற வர்த்தக மண்டலம். தோட்டங்களில் வேலை சுருங்கச் சுருங்க, லயத்து வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அந்த பஸ், அந்த மூன்று ஷிப்ட் பற்றி நம்முடைய சிறுகதைகளில் கொஞ்சம் வந்திருக்கிறது, இன்னும் நிறைய வர வேண்டும். எங்கள் சித்தியும் அந்த பஸ்ஸில் போனவர்தான், வேறொரு தொழிற்சாலைக்கு.

பிளாஸ்டிக் எஞ்சினுக்குக் குரோம் ஏற்றுகிற விதம் சுவாரசியமானது. அது குரோமே இல்லை. காற்றில்லாத கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கினால் அது மெல்லிய படலமாகப் பிளாஸ்டிக்கின் மேல் படியும். மேலே ஒரு வார்னிஷ். அவ்வளவுதான். எடுப்பது அதைவிடச் சுலபம். துணி வெளுக்கிற பிளீச்சில் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் பளபளப்பு கரைந்து போய்விடும். நான் அந்த இரண்டு ரிங்கிட் காரின் எஞ்சினைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துச் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டும் கிடந்தது. அதில் சிலிண்டர் தலை எது, கார்பரேட்டர் எது என்று அப்போதுதான் தெரிந்தது. மினுக்கம் எல்லா வடிவத்தையும் விழுங்கிவிடுகிறது.

*

மாடல் செய்கிறவர்களில் டாங்கி செய்கிறவன் அழுக்காக்குவான், கார் செய்கிறவன் மாட்டான். இது எழுதாத சட்டம் போல இருந்துவந்தது. ஏன் என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். காரணம் பிறப்பில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அமெரிக்காவில் பிளாஸ்டிக் மாடல் கார் பிறந்தது ஷோரூமில். 1940களின் கடைசியில் ஏஎம்டி போன்ற நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்காகக் குட்டி மாதிரிகளைச் செய்து கொடுத்தன. புது மாடல் என்ன நிறத்தில் வருகிறது என்று டீலர் மேசைமேல் வைத்துக் காட்டுவதற்கு. 1958இல் அதே அச்சுகளை வைத்து, பிள்ளைகளே ஒட்டிக் கட்டுகிற கிட்டுகளை விற்றார்கள். ஆக, மாடல் கார் என்பது விளம்பரத்தின் பிள்ளை. அதன் எஞ்சினில் எண்ணெய் கசியலாமா?

டாங்கி மாடல் போரின் பிள்ளை. ஜப்பானின் ஷிசுவோகாவில் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய தமியா, 1961இல் பாந்தர் டாங்கியை 1/35 அளவில் வெளியிட்டது. 1970களில் சிகாகோக்காரர் ஷெப் பெயின், மோனோகிராம் கிட்டுகளோடு வைத்துக் கொடுக்கச் சின்னச் சின்ன வழிகாட்டித் தாள்கள் எழுதினார். இருண்ட பெயின்டை நீர்க்கக் கரைத்துப் பள்ளங்களில் ஓடவிடுவது, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசுவது. பதின்வயதுப் பையன்கள் ஒரு தலைமுறையே அதைப் படித்துச் சேற்றில் இறங்கியது.

ஆனால் அழுக்கைக் கலையாக்கிய முதல் ஆட்கள் அவர்களும் இல்லை. ரயில் பைத்தியங்கள்தான். இங்கிலாந்தில் ஜான் அஹெர்ன் 1930களிலேயே தன் குட்டி ரயில்பாதையின் ஓரத்து வீடுகளைக் காரை பெயர்ந்து, கூரை தொய்ந்து நிற்கிறமாதிரி கட்டினார். கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் தன் வீட்டின் அடித்தளம் முழுக்க மலையும் பாலமுமாக ஒரு ரயில் உலகத்தை அமைத்து, ஒவ்வொரு பெட்டியிலும் கரியும் துருவும் ஏற்றினார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களில் வீடு தீப்பிடித்து அந்த உலகத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. இருபது வருடம் தூரிகையால் தீட்டிய கரியின்மேல் நிஜக் கரி. இதைக் கதையில் எழுதினால் செயற்கை என்று ஒதுக்கிவிடுவோம்.

1977இல் ஸ்டார் வார்ஸ் வந்தபோது அந்தப் படத்தின் விண்கலங்களில் ஒட்டியிருந்தவை டாங்கி, கார் கிட்டுகளின் உதிரி பாகங்கள். எதிர்காலத்துக்கும் கிரீஸ் பிசுக்கு உண்டு என்று ஜனங்கள் நம்பிய வருடம் அது.

*

இனி என் எஞ்சின்.

அம்மாவின் அப்பா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் டிரைவர். ஆங்கிலேயர்கள் 'சைஸ்' என்றார்கள். குதிரைக்காரனுக்கான சொல். குதிரை போய்க் கார் வந்த பிறகும் ஆளின் பெயர் மாறவில்லை. தோட்டத்துக்காரர்கள் 'டிரைவரு' என்றார்கள், கொஞ்சம் மரியாதையோடு. பால்மரம் வெட்டுகிறவனுக்கும் கிராணிக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம். காக்கிச் சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, செருப்பு அல்ல, ஷூ.

காடி மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது, பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் கார். மலாயாவில் அது எல்லாருடைய வண்டியும். டாக்டர், தலைமையாசிரியர், பிறகு வந்த காலத்தில் டிரைவிங் பழகுகிறவர்கள். நம்மில் பலருடைய அப்பாக்கள் கிளட்ச் மிதிக்கக் கற்றது அதில்தான்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பங்களா வாசலில் கார். அதில் சாய்ந்தபடி துரையும் துரைசானியும். படத்தின் வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் கொஞ்சம் காக்கித் துணியும். அதுதான் தாத்தா என்கிறார் அம்மா. துரைகளின் ஆல்பங்களில் இப்படித்தான் நம் ஆட்கள் இருப்பார்கள், ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு. காரின் பதிவு எண் தெளிவாக விழுந்திருக்கும்.

முழங்கையைச் சிலையாக வடிக்க எனக்குத் தெரியாது. எஞ்சின் செய்யத் தெரியும். அவர் கை பட்ட இடம் அதுதானே என்று நினைத்தேன்.

பிளாஸ்டிக் தகடுகளை அறுத்து ஒட்டி பிளாக்கைச் செய்தேன். அந்த எஞ்சினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்டும் இடது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டரும் டைனமோவும் நான்கு ஸ்பார்க் ப்ளக்கும் வலது பக்கம். ப்ளக் கம்பியின் நிஜத் தடிமன் 7 மில்லிமீட்டர் என்றால் என் அளவில் 0.3 மில்லிமீட்டர். பழுதான இயர்போனைப் பிரித்தால் உள்ளே அந்தக் கனத்தில் கம்பி கிடைக்கும். வெடிக்கும் வரிசை 1-3-4-2. கம்பிகளை அந்த வரிசைப்படியே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் செருகினேன். யாரும் பார்க்கப் போவதில்லை. தப்பாகச் செருகினால் எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

பிறகு பச்சை. அந்தக் கால எஞ்சின்கள் ஒருவித மங்கிய பச்சையில் வரும். அதன்மேல் என் மூன்று மாத வேலை. பழுப்பு எண்ணெய் வண்ணத்தைக் கரைத்துப் போல்ட் தலைகளைச் சுற்றி விட்டேன். ராக்கர் கவரின் விளிம்பிலிருந்து கருத்த எண்ணெய் வழிந்து, அதில் தூசி ஒட்டி அடையாகப் படிந்தமாதிரி. அந்த இடம் மட்டும் கொஞ்சம் மினுங்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை, வெறும் கறை. எக்ஸாஸ்டுக்கு உப்புத்தாள் கொண்டு தேய்த்த சாக்பீஸ் பொடி. ஆரஞ்சு துரு. தினமும் சூடாகிற வார்ப்பிரும்பு ஆரஞ்சாக இருக்காது, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும் என்று எனக்கே தெரியும். ஆனால் ஆரஞ்சு போட்டால் படத்தில் எடுப்பாக விழும். தோட்டத்துப் பாதை ஆயிற்றே என்று கீழ்ப்பக்கம் முழுக்கச் செம்மண் தூசி. பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளை உப்புக்கு வீட்டிலிருந்த திருநீற்றைச் சிட்டிகை எடுத்தேன். (அதற்கு ஒரு தனித் திட்டு வாங்கினேன். அது வேறு.)

பார்க்க அருமையாக இருந்தது. முப்பது வருடம் மழையில் கிடந்த எஞ்சின் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். பூதக்கண்ணாடியோடு அம்மாவிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"இது யாரு காடி?"

"தாத்தாவோடதும்மா. மோரிஸ் மைனர்."

"எங்கப்பா காடிய இப்படி வச்சிருந்தாருன்னு உனக்கு யாரு சொன்னா?"

கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று. நான் அவருடைய அப்பாவை ஊரார் முன் அழுக்குச் சட்டையோடு நிறுத்திவிட்ட மாதிரி.

*

அன்று இரவு அம்மா சொன்னவற்றைக் குறித்துவைத்தேன். வரிசையாக இல்லை, அவருக்கு வந்த போக்கில்.

சாயங்காலம் துரை கிளப்புக்குப் போகாத நாட்களில் கார் ஷெட்டுக்குள் போகும். எஞ்சின் ஆறும்வரை தாத்தா ஒரு சுருட்டு. பிறகு பான்னெட்டைத் தூக்குவார். பால் டின்னில் மண்ணெண்ணெய், ஒரு பழைய பல் தேய்க்கிற பிரஷ், பாட்டியின் கிழிந்த சேலைத் துண்டு. அம்மாவின் வேலை டின்னைப் பிடிப்பது. முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணி, பிறகு காய்ந்த துணி. ராக்கர் கவரை ஆட்டுக்குட்டியைத் தடவுகிறமாதிரி தடவுவார். தினமும். "தொடச்சித் தொடச்சி அந்தப் பச்சையே போயிருச்சி. மேல வெள்ளி மாதிரி இருக்கும்." ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தால் மறுநாள் காலை கேஸ்கட் மாற்றப்பட்டிருக்கும். பட்டணத்துக்குப் போய்வந்தால், அதாவது பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் போய்த் திரும்பினால், கடல்காற்று உப்பு என்று நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் சோறு. பாலம் 1985இல்தானே திறந்தார்கள், அதுவரை எல்லாருக்கும் ஃபெர்ரிதான்.

பிறகு இதைச் சொன்னார். ஆயுத பூசைக்குத் தோட்டத்து லாரிக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பொட்டு வைப்பார்கள். துரையின் காருக்கும் தாத்தா ஒருமுறை பான்னெட்டின்மேல் சந்தனம் வைத்துவிட்டார். துரைசானி பார்த்துவிட்டுத் துடைக்கச் சொல்லிவிட்டாள், பெயின்ட் கெட்டுவிடும் என்று. துடைத்தார். அன்று சாயங்காலம் பான்னெட்டைத் திறந்து உள்ளே, கறுப்பு டப்பா மாதிரி இருக்கும் ஏர் ஃபில்டரின்மேல் வைத்தார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல்.

"தொறந்து பாக்க மாட்டாங்களா?"

"துரை எதுக்குத் தொறக்கப் போறாரு? அது அப்பா எடம்."

எத்தனையோ மாடல் புத்தகங்கள் வாங்கியிருக்கிறேன். ஜெர்மன் டாங்கியின் ரஷ்யச் சேறு, பாலைவனத்து மணல், அலாஸ்காவின் பனி உப்பு எல்லாவற்றுக்கும் செய்முறை உண்டு. ஸ்பெயினிலிருந்து ஒவ்வொரு அழுக்குக்கும் தனித்தனிக் குப்பி வருகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தனத்துக்குக் குப்பி இல்லை.

*

கைவிடப்பட்டதன் அடையாளமும் புழங்கியதன் அடையாளமும் ஒன்றில்லை என்பது எனக்கு உறைக்க இவ்வளவு நாள் ஆயிற்று. ஜார்ஜ் டவுனில் வாழ்கிறவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இங்கே பழமை ஒரு சரக்கு. காரை பெயர்ந்த சுவரை அப்படியே விட்டு, மேலே விளக்கு போட்டுக் காப்பி விற்கும் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மேனியன் தெருவில் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் முன்னால் நிற்கும் வரிசையும் எல்லாருக்கும் தெரிந்தது. சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம். ஆ குவீ தெருவில் அதேபோல் ஒரு நிஜ மோட்டார் சைக்கிள். அந்த ஓவியங்களை எனக்குப் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். சாயம் வெயிலில் மங்குவதையும் இரும்பு தொட்டுத் தொட்டு வழவழப்பாவதையும் பார்க்கவே அவ்வப்போது போவேன். ஆயிரக்கணக்கான பேர் அந்த சீட்டில் கை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். கைப்பிடி பளபளக்கிறது. அது மழை செய்த வேலை இல்லை.

ஆனால் பெயர்ந்த காரைச் சுவரில் இருப்பது என்ன? அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். நாம் ரசிப்பது அவர்கள் வெளியேறிய பிறகான வருடங்களை. என் ஆரஞ்சுத் துருவும் அதுதான். எனக்குத் தாத்தா வேண்டும் என்று தொடங்கி, அவர் இல்லாத வருடங்களைத் தீட்டிவைத்திருந்தேன்.

அந்த வருடங்களும் உண்மையில் உண்டு. சுதந்திரத்துக்கு அக்கம்பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் பல கைமாறின, துண்டுதுண்டாக விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயரே வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியே. 1960இல் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது அந்த நெருக்கடியில்தான். எங்கள் தோட்டத்துத் துரை கப்பல் ஏறினார். புது முதலாளி தன் டிரைவரோடு வந்தார். மோரிஸ் மைனர் யாருக்கோ விற்கப்பட்டு, கடைசியில் எங்கோ கித்தா மரத்தடியில் துருப்பிடித்திருக்கும். அந்த எஞ்சினைத்தான் நான் முதலில் செய்தேன். அது தப்பான எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். தாத்தாவின் எஞ்சின் இல்லை.

*

ஆல்கஹாலில் ஊறப்போட்டுப் பெயின்டை உரித்தேன். இரண்டாம் முறை தலைகீழாகப் போனேன். முதலில் இரும்பு நிறம். அதன்மேல் பச்சை, மிக மெல்லிசாக. காய்ந்ததும் தூரிகையைத் தொடவில்லை. பருத்தித் துணியைச் சுண்டு விரலில் சுற்றி, லேசாகத் தின்னர் தொட்டு, துடைத்தேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம். ராக்கர் கவரின் மேல்வளைவில் முதலில் பச்சை வெளுத்தது, பிறகு மூலைகளில், ஒரு வாரம் கழித்து உள்ளேயிருந்த உலோகம் எட்டிப் பார்த்தது. பெயின்டால் பளபளப்பு வரைவதும் துடைத்து வரவழைப்பதும் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். முதலாவதில் ஓரம் கூர்மையாக நிற்கும். இரண்டாவதில் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

நட்டுகளைச் சுற்றி ஸ்பேனர் கடித்த இடங்களில் ஊசி முனையால் பச்சையைச் சுரண்டினேன். அடிக்கடி கழற்றுகிற நட்டுகளில் மட்டும், ராக்கர் கவரைப் பிடித்திருக்கும் இரண்டு, ப்ளக் நான்கு. சிலிண்டர் தலையின் மற்ற நட்டுகளைத் தினமும் யாரும் தொடுவதில்லை, அவை பச்சையாகவே இருக்கட்டும். எக்ஸாஸ்டுக்குச் சாம்பல் பழுப்பு. அழுக்கு விரலும் பிரஷும் நுழையாத இடத்தில் மட்டும், டைனமோவுக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பிளாக்குக்கும் நடுவில், மேனிஃபோல்டின் அடியில். அங்கே செம்மண் கொஞ்சம். எவ்வளவு துடைத்தாலும் தோட்டம் தோட்டம்தானே.

இப்படிச் செய்தபோது ஒன்று கவனித்தேன். அழுக்கு இருக்கும் இடத்தை வைத்து அவருடைய கையின் அளவைச் சொல்ல முடியும்.

கடைசியாக ஏர் ஃபில்டர். சந்தனம் காய்ந்தால் ஓரத்தில் வெடித்து நடுவில் நிற்கும். அடியில் போன வாரத்தின் பொட்டு எஞ்சின் சூட்டில் காப்பி நிறமாகியிருக்கும், அதன் அடியில் அதற்கு முந்தினது வெறும் வட்டக் கறை. மஞ்சள் காவியை மங்கல் வார்னிஷில் குழைத்து, பழையதிலிருந்து புதியதுவரை ஐந்து அடுக்கு வைத்தேன். குங்குமத்தை அப்படியே தூவிப் பார்த்தேன், ஒவ்வொரு துகளும் என் அளவில் புளியங்கொட்டை மாதிரி நின்றது. சிவப்புச் சாக்பீஸை மறுபடி மறுபடி அரைத்து ஊசி முனையால் வைத்தேன். பொட்டு மொத்தமும் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நிஜத்தில் ஒரு பெருவிரல் ரேகை அளவு.

அம்மாவிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி, மேலே பார்த்தார், அடியில் பார்த்தார். ராக்கர் கவரில் நகத்தை வைக்கப் போய் எடுத்துக்கொண்டார்.

"பொட்டு நடுவுல வைக்க மாட்டாரு," என்றார். "ஓரமா, இந்தா, கண்ணாடிப் பக்கமா. மேல ஒரு தட்டு மாதிரி பிடிப்பு இருக்கும், அது மறைக்கும். சட்டுனு தொறந்தா தெரியக்கூடாதுல்ல."

கண்ணாடிப் பக்கம் என்றால் ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம். ஏர் ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.